உஷார்! முதல் சி ப்ரோக்ராமிலேயே ஓட்டை இருக்கிறது

கோவை சரவணம்பட்டி பக்கம் எஞ்சினியரிங் முதலாமாண்டு படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அவர்களுடைய சி லேப் ரெக்கார்டை வாங்கிப் புரட்டுங்கள். 'கெட்ஸ்' என்ற பெயர் எங்காவது தென்படுகிறதா பாருங்கள். தென்பட்டால் அந்தப் பக்கத்தில் ஆபத்து இருக்கிறது. சி மொழிக்கான சர்வதேசத் தரத்தில் இருந்தே அந்தக் கட்டளை 2011இல் நீக்கப்பட்டுவிட்டது. உலகம் தூக்கி எறிந்த ஒன்றை நம் பிள்ளைகளில் பலர் இன்னும் மனப்பாடம் செய்து, வைவாவில் ஒப்பித்து, மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

லேப்பில் எழுதும் பத்து வரிக்கு இத்தனை பதற்றமா என்று கேட்காதீர்கள். நம் ஊரில் லேப்புக்கும் தொழிலுக்கும் நடுவே தூரமே இல்லை. சத்தி ரோட்டில் கல்லூரிகள் வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கீரணத்தம் சிறப்புப் பொருளாதார மண்டலம், அதில் பெரிய மென்பொருள் நிறுவனங்கள். இந்தப் பக்கம் கணபதியிலும் பீளமேட்டிலும் மோட்டார், பம்பு, கன்ட்ரோல் பேனல் செய்யும் சிறு தொழிற்கூடங்கள். நாலு வருடத்தில் இந்தப் பிள்ளைகளின் கை எழுதும் வரிகள் கிணற்று மோட்டாரையும் நூல் மில் எந்திரத்தையும் காரின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவியையும் இயக்கப்போகின்றன. கை பழகியதைத்தான் அங்கேயும் எழுதும்.

கெட்ஸ் செய்யும் வேலை எளிமையானது. என்டர் அழுத்தும் வரை தட்டுவதையெல்லாம் எடுத்து, நாம் காட்டிய இடத்தில் கொட்டிவிடும். அந்த இடம் எவ்வளவு பெரியது என்று அதற்குத் தெரியாது. தெரிவிக்கவும் வழியில்லை, ஏனென்றால் அளவைச் சொல்லும் இடமே அந்தக் கட்டளையில் கிடையாது. ஊர்ப் பெயரை வாங்கப் பத்து இடம் கொண்ட ஒரு கேரக்டர் அரே வைத்திருக்கிறீர்கள். ஒருவர் ஆங்கிலத்தில் சரவணம்பட்டி என்று தட்டுகிறார். ஆங்கிலத்தில் அது 14 எழுத்து. முடிவைக் குறிக்கும் பூஜ்ஜிய பைட்டையும் சேர்த்தால் 15. மிஞ்சிய ஐந்து எங்கே போகும்? தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் ஓடினால் பக்கத்துக் காட்டில் தண்ணீர் பாய்வது மாதிரி, அடுத்த மாறியின் மேல் போய் விழும். அந்தப் பக்கத்துக் காட்டில்தான் இன்னொரு முக்கியமான சரக்கும் இருக்கிறது: இந்தச் செயற்கூறு முடிந்ததும் ப்ரோக்ராம் எந்த முகவரிக்குத் திரும்ப வேண்டும் என்ற குறிப்பு. அதன் மேல் எழுத முடிந்தவன், அந்த ப்ரோக்ராமைத் தான் நினைத்த இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம்.

போயும் இருக்கிறார்கள். 1988 நவம்பர் 2ஆம் தேதி. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், தானாகப் பரவும் 'புழு' வகையிலான ஒரு சிறிய ப்ரோக்ராமை இணையத்தில் விட்டார். அன்றைய இணையத்தில் இருந்தவை சுமார் 60,000 கணினிகள். அவற்றில் ஏறத்தாழ 6,000 முடங்கியதாகக் கணித்தார்கள். அந்தப் புழு நுழைந்த வழிகளில் ஒன்று 'ஃபிங்கர்' என்ற சேவை. அந்தச் சேவையின் ப்ரோக்ராமில் 512 பைட் இடம் வைத்து, கெட்ஸ் வழியாக உள்ளீடு வாங்கியிருந்தார்கள். புழு அனுப்பியது 536 பைட். வெறும் 24 பைட் அதிகம். அந்த 24 பைட்டில் திரும்பும் முகவரி மாறிப்போனது, எந்திரம் கைமாறியது. மோரிஸுக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 400 மணி நேரச் சமூகப் பணியும் 10,050 டாலர் அபராதமும் விதித்தார்கள். கெட்ஸுக்குத் தண்டனை கிடைக்க, புழு வெளியான நாளில் இருந்து 23 ஆண்டுகள் ஆயின.

"நாங்கள் கெட்ஸ் பயன்படுத்துவதில்லை, ஸ்கேன்எஃப்தான்" என்று நிம்மதி அடையும் தம்பி தங்கைகளுக்கு: அவசரப்பட வேண்டாம். ஸ்கேன்எஃப்("%எஸ்", ஊர்) என்று எழுதினால் அதுவும் அளவு பார்க்காமல் கொட்டுவதுதான். ஒரே வித்தியாசம், இடைவெளி வந்ததும் நின்றுவிடும். 'காளப்பட்டி ரோடு' என்று தட்டினால் காளப்பட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'ரோடு' என்பதை அடுத்த ஸ்கேன்எஃப் தலையில் கட்டிவிடும். பத்து இடம் இருந்தால் "%9எஸ்" என்று எழுத வேண்டும். ஒன்பது எழுத்துக்கு, ஒன்று பூஜ்ஜிய பைட்டுக்கு. அந்த ஒரு இலக்கத்தை எழுதச் சொல்லித்தரும் லேப் மேனுவல் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை.

உபுண்டுவில் ஓட்டும்போது 'ஸ்டாக் ஸ்மாஷிங் டிடெக்டட்' என்ற செய்தியோடு ப்ரோக்ராம் நின்றிருக்கிறதா? அது கம்பைலர் உங்களுக்காக வைத்த காவல். திரும்பும் முகவரிக்கு முன்னால் ஓர் இரகசிய எண்ணை வைத்து, அது கலைந்திருந்தால் ப்ரோக்ராமையே நிறுத்திவிடுகிறது. அதைப் பார்த்ததும் பலர் செய்வது என்ன? பத்தை நூறாக்கிவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விடுகிறார்கள். ஓட்டை அப்படியே இருக்கிறது. தள்ளித் தெரிகிறது, அவ்வளவுதான்.

எண்களுக்கு வருவோம். மாணவர் விவரம் வாங்கும் ப்ரோக்ராமில் செல்போன் எண்ணை 'இன்ட்' என்று அறிவித்து "%டி" போட்டு வாங்குவதை எத்தனை ரெக்கார்டில் பார்க்கிறோம்! இன்றைய கணினிகளில் இன்ட் தாங்கும் மிகப்பெரிய எண் 2,147,483,647. இந்திய செல்போன் எண்கள் 6, 7, 8, 9 என்ற இலக்கங்களில்தான் தொடங்குகின்றன. ஆகவே நம் நாட்டு செல்போன் எண் ஒன்றுகூட, ஒன்றே ஒன்றுகூட, இன்ட்டுக்குள் அடங்காது. அடங்காத எண்ணைத் தந்தால் என்ன ஆகும் என்று சி மொழித் தரம் எந்த உறுதியும் தருவதில்லை. பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத ஓர் எண் உட்கார்ந்திருக்கும். ஸ்கேன்எஃப்போ 'ஒன்று வாங்கிவிட்டேன்' என்றே திருப்பிச் சொல்லும். செல்போன் எண்ணை வைத்து யாரும் கூட்டல் கழித்தல் செய்வதில்லையே. அதை எழுத்துக்களாகவே வாங்குங்கள்.

ஸ்கேன்எஃப் எதையோ திருப்பிச் சொல்கிறது என்பதே பல பேருக்குத் தெரியாது. எத்தனை மதிப்புகளை வெற்றிகரமாக வாங்கினோம் என்பதை அது ஒவ்வொரு முறையும் சொல்கிறது. நாம்தான் காது கொடுப்பதில்லை. மெனு ப்ரோக்ராம் ஒன்றில் 1, 2, 3 என்று எண் கேட்கும் இடத்தில் 'ஏ' என்று தட்டிப் பாருங்கள். ஸ்கேன்எஃப் அந்த எழுத்தைத் தொடாது. 'பூஜ்ஜியம் வாங்கினேன்' என்று சொல்லிவிட்டு உள்ளீட்டு வரிசையிலேயே அதை விட்டுவிடும். அடுத்த சுற்றிலும் அதே எழுத்துதான் வாசலில் நிற்கும். திரை முழுக்க மெனு ஓடிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோல்-சி அழுத்தும் வரை. லேப்பில் இது சிரிப்பு. ஓயாமல் ஓட வேண்டிய கருவியில் இதுவே நிரந்தர முடக்கம்.

இதற்கு வைத்தியம் என்று சீனியர்கள் சொல்லித்தருவது எஃப்ஃப்ளஷ்(எஸ்டிடிஇன்). தயவுசெய்து அதை நம்பாதீர்கள். எஃப்ஃப்ளஷ் என்பது வெளியீட்டுக்கானது. உள்ளீட்டின் மீது அதைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்று தரம் எதையும் சொல்வதில்லை. விண்டோஸில் சில கம்பைலர்களில் வேலை செய்தது, லினக்ஸில் செய்யாது. வேலைவாய்ப்புத் தேர்வுகளின் ஆன்லைன் கோடிங் சுற்றில் உங்கள் ப்ரோக்ராமை ஓட்டுவது பெரும்பாலும் லினக்ஸ்தான். "லேப்ல ஓடுச்சுங்க, டெஸ்ட்ல ஓடல" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல சமயம் இந்த ஒரு வரி ஒளிந்திருக்கிறது.

இங்கே டர்போ சி பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. போர்லாண்ட் நிறுவனம் 1987இல் டர்போ சியை வெளியிட்டது. 1990இல் டர்போ சி++ வந்தது. டாஸ் காலத்துக்கு அருமையான கருவி. அதை இன்றைக்கும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டும் லேப்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. நீலத் திரை, கோனியோ கோப்பு, சிஎல்ஆர்எஸ்சிஆர், கெட்ச். பிள்ளைகள் இதைத்தான் சி என்று நம்பி வெளியே வருகிறார்கள். அதில் இன்ட் 16 பிட், உச்சம் 32,767. நாற்பதாயிரம் ரூபாய்ச் சம்பளத்தை உள்ளே கொடுத்தால் கழித்தல் 25,536 என்று காட்டும். அதைவிட மோசம், டாஸில் நினைவகப் பாதுகாப்பே கிடையாது. ஸ்கேன்எஃப்பில் '&' குறியை மறந்தால் மாறியில் இருக்கும் ஏதோ குப்பை எண்ணை முகவரி என்று எடுத்துக்கொண்டு அங்கே போய் எழுதிவிடும். ப்ரோக்ராம் ஓடியதுபோலவே தெரியும். அதிகம் போனால் கடைசியில் 'நல் பாயின்டர் அசைன்மென்ட்' என்று ஒரு வரி வரும், அதை யாரும் படிப்பதில்லை. தவறு செய்தால் உடனே சத்தம் போட்டுக் காட்டும் கருவியில்தான் பிள்ளைகள் கற்க வேண்டும். தவறை விழுங்கிக்கொள்ளும் கருவியில் கற்பவருக்குத் தான் செய்தது தவறு என்றே தெரியாது.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் முதலாமாண்டில் சொல்லித்தந்தது சி. 2017 பாடத்திட்டத்தில் முதல் பருவத்தில் பைத்தான் வந்தது, கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகள் சியை இரண்டாம் பருவத்தில் பார்த்தார்கள். பைத்தானில் எவ்வளவு நீளமாகத் தட்டினாலும் அதற்கேற்ப இடம் தானாக வளரும். எண்ணுக்கும் உச்சம் இல்லை. அந்தப் பழக்கத்தோடு சிக்கு வரும் பிள்ளை, இடமும் அளவும் தன் பொறுப்பு என்பதை யாராவது எடுத்துச் சொன்னால்தான் அறியும். ஆகவே பைத்தானில் தொடங்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

தமிழில் உள்ளீடு வாங்கும்போது கணக்கு முழுதாக மாறுகிறது, இதைப் பாடப் புத்தகங்கள் தொடுவதே இல்லை. 'சரவணம்பட்டி' நம் கண்ணுக்கு எட்டு எழுத்து. கணினிக்கு அது 11 குறிகள், புள்ளியும் மேல்விலங்கும் தனித்தனிக் குறி என்பதால். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 33. பூஜ்ஜிய பைட்டோடு 34. இருபது இடம் தாராளம் என்று நினைத்தவரின் அரே தமிழில் தட்டியதும் உடைந்துவிடும். சரி, பத்திரமான எஃப்கெட்ஸ் போட்டு இருபது என்று அளவும் கொடுத்தாயிற்று என்றால்? அது 19 பைட்டோடு நிறுத்திக்கொள்ளும். 18 பைட்டில் 'சரவணம்' வந்துவிடும். மிச்சம் ஒரு பைட், 'ப' என்ற எழுத்தின் மூன்றில் ஒரு துண்டு. நினைவகம் காப்பாற்றப்பட்டது, ஆனால் பெயர் சிதைந்தது. திரையில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். தமிழ் வாங்கப்போகிறீர்கள் என்றால் குறிக்கு மூன்று பைட் என்று கணக்குப் போட்டு இடம் ஒதுக்குங்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையாகவே அச்சமாக இருக்கிறது. கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மொபைல் ஸ்டார்ட்டர் பரவிவிட்டது. வீட்டில் இருந்தபடியே போன் செய்தோ எஸ்எம்எஸ் அனுப்பியோ கிணற்று மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். அர்த்த ராத்திரியில் மும்முனைக் கரண்ட் வந்தால் டார்ச் லைட்டோடு பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டியதில்லை; நல்ல கருவி. அதன் உள்ளே சிம் கார்டு போட்ட ஜிஎஸ்எம் மாட்யூல், பக்கத்தில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர். அதில் ஓடுவது பெரும்பாலும் சி. எஸ்எம்எஸ்ஸில் ஆங்கில எழுத்து 160 வரைதான் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். எனவே ஒருவர் 161 பைட் பஃபர் வைத்து, அளவு பார்க்காமல் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரி.

ஒருநாள் சிம் நிறுவனத்தில் இருந்து தமிழில் ஒரு ரீசார்ஜ் விளம்பரம் வருகிறது. தமிழ் எஸ்எம்எஸ்ஸில் 70 குறிகள்தான், குறைவுதானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் 2 பைட், ஆக 140 பைட். டெக்ஸ்ட் முறையில் இருக்கும் மாட்யூல் அந்த ஒவ்வொரு பைட்டையும் இரண்டு பதினாறடிமான எழுத்துகளாக மாற்றி அனுப்பும். 280 எழுத்து! 161 இடத்துக்குள் 281 வந்து விழுகிறது. 120 பைட் வெளியே வழிகிறது. அனுப்பியவர் எண் தோட்டக்காரருடையதா என்று சரிபார்க்கும் வரி அதற்குப் பிறகுதான் வரும். அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சிறிய மைக்ரோகன்ட்ரோலர்கள் பலவற்றில் நினைவகத்துக்குக் காவல் இல்லை, 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்று யாரும் சொல்லப்போவதில்லை. வழிந்தது, மோட்டார் தண்ணீரின்றி ஓடாமல் காக்கும் டிரை ரன் பாதுகாப்பின் அளவு மேல் விழுந்தால், தண்ணீர் இல்லாத போர்வெல்லில் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். காயில் எரியும். "மோட்டார் சரியில்லீங்க" என்று பழி மோட்டார் மேல் விழும். ரீவைண்டிங் செலவு விவசாயி தலையில் விழும். தவறு எங்கோ ஒரு மேசையில் எழுதப்பட்ட ஒற்றை வரியில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. இந்தக் கருவிகளைச் செய்யும் நம் ஊர்த் தொழில்முனைவோரிடம் கை கூப்பிக் கேட்கிறேன்: சந்தைக்கு அனுப்பும் முன் முழு நீளத் தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றை அனுப்பிப் பாருங்கள்.

கார் மென்பொருள் துறை இந்த ஆபத்தை எப்போதோ உணர்ந்துவிட்டது. 1998இல் முதலில் வந்த மிஸ்ரா சி விதிகளை அந்தத் துறை உலகெங்கும் பரவலாகப் பின்பற்றுகிறது. அதன் 2012 பதிப்பில் 21.6ஆம் விதி, சி மொழியின் நிலையான உள்ளீடு வெளியீட்டுச் செயற்கூறுகளைப் பயன்படுத்தவே கூடாது என்கிறது. பிரிண்ட்எஃப், ஸ்கேன்எஃப் எல்லாமே. கல்லூரியில் முதல் நாள் கற்பது, அந்தத் துறை வேலையில் முதல் நாளே தடை.

பிரிண்ட்எஃப் வெளியே தள்ளுவதுதானே, அதில் என்ன ஆபத்து என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பயனர் தந்த எழுத்தை பிரிண்ட்எஃப்(பெயர்) என்று நேராகக் கொடுக்காதீர்கள். பிரிண்ட்எஃப்("%எஸ்", பெயர்) என்றே எழுதுங்கள். நேராகக் கொடுத்தால், அந்தப் பெயருக்குள் யாராவது % குறிகளை வைத்திருந்தால் பிரிண்ட்எஃப் அவற்றைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். '%எக்ஸ்' வைத்தால் நினைவகத்தில் இருப்பதை வெளியே காட்டும். '%என்' வைத்தால் நினைவகத்தில் எழுதவே செய்யும். அச்சடிக்கும் கட்டளைக்குள் எழுதும் சக்தி ஒளிந்திருக்கிறது. 2021 ஜூனில் ஐபோனுக்கே இதே வகைத் தவறால் அடி விழுந்தது. '%பி%எஸ்%எஸ்%எஸ்%எஸ்%என்' என்று பெயர் வைத்த ஒரு வைஃபையில் இணைந்ததும் போனில் வைஃபை செத்துப்போனது. அணைத்துப் போட்டாலும் சரியாகவில்லை, நெட்வொர்க் அமைப்புகளை அழித்துத் திருத்த வேண்டியிருந்தது. அடுத்த மாதம் ஐஓஎஸ் 14.7இல் சரிசெய்தார்கள். அத்தனை பெரிய நிறுவனத்திலேயே நடக்கிறது என்றால், நம் லேப் ரெக்கார்டில் நடக்காதா?

கெட்கேர் பற்றியும் ஒன்று. அது திருப்பித் தருவது இன்ட். அதை கேரக்டர் மாறியில் வாங்கி, உள்ளீடு முடிந்ததைக் குறிக்கும் ஈஓஎஃப் வரும் வரை சுற்றவிடுகிறார்கள். லேப் கணினியில் ஓடும். ஆனால் ஆர்ம் சிப்புகளுக்கான கம்பைலர்களில் சாதாரண கேரக்டர் வகைக்குப் பொதுவாகக் கழித்தல் மதிப்பு கிடையாது. ஈஓஎஃப் ஒரு கழித்தல் எண். இரண்டும் ஒருநாளும் சமமாகாது, சுற்று முடியவே முடியாது. ராஸ்பெர்ரி பையில் ப்ராஜெக்ட் செய்பவர்கள் இதில் மாட்டி இரவெல்லாம் விழிக்கிறார்கள். இன்ட்டில் வாங்கினால் போதும்.

பிறகு எப்படித்தான் எழுதுவது? ஒரு வரி முழுவதையும் எஃப்கெட்ஸ் கொண்டு, அளவு கொடுத்து வாங்குங்கள். அது நல் திருப்பினால் உள்ளீடு முடிந்தது அல்லது பிழை நேர்ந்தது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்துங்கள். வாங்கிய வரியின் கடைசியில் புதுவரிக் குறி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீக்குங்கள். இல்லாவிட்டால் வரி உங்கள் இடத்தைவிட நீளம். மிச்சத்தைப் புதுவரிக் குறியோ ஈஓஎஃப்போ வரும் வரை வாசித்துத் தள்ளிவிட்டு, 'நீளம் அதிகம், மறுபடி கொடுங்கள்' என்று கேளுங்கள். எண் வேண்டுமென்றால் அந்த வரியை எஸ்டிஆர்டோஎல் மூலம் மாற்றுங்கள். எண்ணே இல்லையென்றாலும் எண் மிகப் பெரியதென்றாலும் பின்னால் குப்பை ஒட்டியிருந்தாலும் கண்டுபிடிக்க அது வழி தருகிறது. பத்து வரி கூடுதலாக ஆகும். ஒருமுறை எழுதி ஒரு செயற்கூறாக வைத்துக்கொண்டால் நாலு வருடமும் ஓடும்.

ஜிசிசி கம்பைலரை '-டபிள்யூஆல்' எச்சரிக்கைகளோடும் அட்ரஸ் சானிடைசரோடும் ஓட்டுங்கள். விடுபட்ட '&' குறியை முதலாவது கத்திச் சொல்லும். எல்லை தாண்டி எழுதுவதை இரண்டாவது காட்டும். இரண்டுக்கும் காசு கிடையாது. விஷுவல் ஸ்டூடியோ ஸ்கேன்எஃப்பைப் பார்த்து எச்சரித்தால், அதன் வாயை அடைக்கும் வரியை இணையத்தில் தேடி ஒட்டாதீர்கள்.

லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களே, உங்கள் வேலைப்பளு தெரிந்தே கேட்கிறேன். அடுத்த பருவத்துக்கான மேனுவலை அச்சுக்குக் கொடுக்கும் முன் கெட்ஸ் இருக்கும் பக்கங்களை மாற்றுங்கள். தேர்வில் சரியான உள்ளீட்டுக்கு வரும் விடையை மட்டும் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். எண் கேட்கும் இடத்தில் நீங்களே ஓர் எழுத்தைத் தட்டுங்கள், பெயர் கேட்கும் இடத்தில் இருநூறு எழுத்தைத் தட்டுங்கள், ஊர் கேட்கும் இடத்தில் தமிழில் தட்டுங்கள். அதற்கும் நின்று பதில் சொல்லும் ப்ரோக்ராமுக்கு ஐந்து மதிப்பெண் தனியாக வையுங்கள். பிள்ளைகள் அடுத்த வாரமே அப்படி எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.